பழைய பள்ளிவாசல்களும் கோட்டைகளும் பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

சித்தூர், புத்தூர், நகரி பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் இரண்டு நாள் லீவு கிடைத்தால் இப்போதெல்லாம் திருப்பதியோடு நிற்பதில்லை. கடப்பா, அனந்தபுரம் பக்கம் கண்டிக்கோட்டை, பெனுகொண்டா என்று பழைய கோட்டை ஊர்களுக்கு வண்டியை விடுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் கிளம்பும்போதே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வதில்லை: நாம் போகிற இடத்தில் இன்றும் தொழுகை நடக்கிறதா, இல்லையா? மற்ற குழப்பங்களில் பாதி இதைக் கேட்காததால் வருபவைதான்.

தொல்லியல் துறை ஒரு பள்ளிவாசலைப் பொறுப்பெடுத்தபோது அங்கே தொழுகை இருந்திருந்தால் அது தொடரும். இல்லையென்றால் புதிதாகத் தொடங்க விடுவதில்லை. கண்டிக்கோட்டையின் ஜாமியா மசூதி தொழுகை இல்லாத நினைவுச்சின்னம். பகலில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். கடப்பா பெரிய தர்காவும் பெனுகொண்டா பாபய்யா தர்காவும் அப்படியல்ல. தினமும் ஜனங்கள் வேண்டுதலோடு வந்துபோகிற இடங்கள். கண்டிக்கோட்டையில் இருந்த மாதிரியே அங்கேயும் இருந்துவிடலாம் என்று நினைப்பதுதான் முதல் தவறு.

தொழுகை நடக்கிற பள்ளிவாசலென்றால் வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை அந்தப் பக்கம் போக வேண்டாம். ஜும்ஆ என்ற வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகைக்கு ஊரே கூடியிருக்கும். அந்த நேரத்தில் கேமராவோடு நிற்பது நன்றாக இருக்காது. வெள்ளிக்கிழமையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தொல்லியல் துறையின் அருங்காட்சியகங்களுக்குப் பொதுவாக அன்றுதான் விடுமுறை. சந்திரகிரி ராஜமகாலில் இருப்பதும் அப்படித்தான். ரமலான் மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து நகர்ந்து, இப்போது வெயில் ஏறுவதற்கு முந்தைய நல்ல பருவத்திலேயே வருகிறது. சாயங்காலம் நோன்பு திறக்கும் நேரத்தில் போய் விவரம் கேட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது.

பெண்களை எதுவரை அனுமதிப்பார்கள் என்பது பள்ளிவாசலுக்குப் பள்ளிவாசல் மாறும். சில இடங்களில் முற்றத்தோடு சரி, சில இடங்களில் தனி வழி இருக்கும். இதை முன்னாலேயே விசாரிக்காமல் குடும்பத்தோடு போய், வீட்டுப் பெண்களை வாசல் வெயிலில் நிற்க வைத்துவிட்டு ஆண்கள் மட்டும் பார்த்துவிட்டு வருவதை என்னால் ஏற்க முடியவில்லை. உள்ளூரில் யாரையாவது கேட்டாலே தெரிந்துவிடும். உடுப்பு விஷயம் எளிது: அரைக்கால் டவுசர் வேண்டாம், தலையில் போட்டுக்கொள்ள ஒரு துப்பட்டா பையில் இருக்கட்டும். வாசலில் இருப்பவரிடம் ஸலாம் சொல்லி, “பாய், லோபலிகி வெள்ளொச்சா?” (உள்ளே போகலாமா?) என்று தெலுங்கில் கேட்டுவிட்டுக் காலெடுத்து வையுங்கள். தொழுகிறவருக்கு முன்னால் குறுக்கே நடக்காதீர்கள்.

அப்புறம், நேரக் கணக்கு. நம் நாட்டில் தொழுகைத் திசை மேற்கு. அதனால் மிஹ்ராப், அதாவது தொழுகைத் திசையைக் காட்டும் மாடம், இருக்கும் சுவர் மேற்கிலும், வளைவுகளுள்ள முகப்பு கிழக்கு நோக்கியும் இருக்கும். காலை வெயில் முகப்பில் நேராக விழும். மாலையில் அதே முகப்பு நிழலில் மங்கிவிடும். கண்டிக்கோட்டைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மதியத்துக்கு மேல் வந்து, பெண்ணாற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு, இருட்டுகிற நேரத்தில் மசூதிக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். மாற்றிச் செய்யுங்கள். காலையில் மசூதி, பக்கத்தில் தானியக் களஞ்சியம், மாதவராயர் கோயில், மாலையில் பள்ளத்தாக்கு. அங்கே ஆந்திரச் சுற்றுலாத் துறையின் ஹரிதா விடுதி இருக்கிறது, ஓர் இரவு தங்கினால் இரண்டும் அவசரமில்லாமல் முடியும். ஏப்ரல், மே மாதங்களில் ராயலசீமை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். செருப்பைக் கழற்றிவிட்டுக் கல் முற்றத்தில் நடக்கக் கெட்டியான சாக்ஸ் ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குக் கட்டாயம் வேண்டும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் அடைப்பது அடுத்த தவறு. சித்தூரிலிருந்து பீலேரு, ராயச்சோட்டி, கடப்பா, ஜம்மலமடுகு வழியாகக் கண்டிக்கோட்டைக்கே கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். அங்கிருந்து பெனுகொண்டாவையும் சேர்த்தால் பாதிப் பகல் சாலையிலேயே போய்விடும். பெனுகொண்டாவை லேபாட்சியோடு சேர்த்துத் தனிப் பயணமாக வையுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. போகும்போதே ஒரு தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு போவது. இடிந்த கல்லைக் கண்டதும் “அவர்கள் இடித்தது”, பக்கத்தில் மசூதியைக் கண்டதும் “அவர்கள் கட்டியது” என்று பிள்ளைகளிடம் இரண்டே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கண்டிக்கோட்டை விஜயநகரத்துக்குக் கீழே இருந்த பெம்மசானி நாயக்கர்களின் கோட்டை. 1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் தோற்ற பிறகும் பல பத்தாண்டுகள் அவர்களிடமே இருந்தது. அப்புறம்தான் கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லா பிடித்தார். பிரெஞ்சு வைர வியாபாரி தவெர்னியே 1652இல் அவரைத் தேடி இங்கேயே வந்தார். பீரங்கி வார்க்கும் வேலை நடப்பதைப் பார்த்து எழுதியும் வைத்தார். போர், படை, வைர வியாபாரம், பக்தி எல்லாம் கலந்து கிடக்கிற இடம் அது.

ஹம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1439ஆம் ஆண்டுக் கல்வெட்டோடு ஒரு மசூதி நிற்கிறது. இரண்டாம் தேவராயரின் அதிகாரி அகமது கான் தன் அரசருக்குப் புண்ணியம் சேரட்டும் என்று கட்டியது. குவிமாடமும் இல்லை, மினாரும் இல்லை. தூண்கள் நிறுத்திய சாதாரண மண்டபம் போலவே இருப்பதால் பல பேர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கோழிக்கோட்டு மிஷ்கால் பள்ளிவாசலும் அப்படித்தான். அடுக்கடுக்கான ஓட்டுக்கூரையும் மரவேலையுமாகக் கேரளத்துக் கட்டடமாகவே நிற்கும். குவிமாடத்தை மட்டும் தேடுகிற கண்ணுக்கு இவையெல்லாம் தப்பிவிடும்.

சுதைப்பூச்சில் பெயர் கீறுவது இன்னும் நிற்கவில்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ உண்டு. கீறினால் திருப்பிப் பூச அந்தக் கால வேலைக்காரர்கள் இல்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். முக்காலி வைத்துப் படமெடுக்க முன்அனுமதி வேண்டும், ட்ரோனுக்கும் அப்படியே.

கண்டிக்கோட்டைப் பள்ளத்தாக்கின் விளிம்பில் பெரும்பாலான இடத்தில் கம்பி வேலி கிடையாது. பாறைகள் வழுக்கும், மழை பெய்தால் இன்னும் மோசம். அங்கே செல்ஃபிக்காகப் பின்பக்கமாக நகராதீர்கள். சிறு பிள்ளைகளின் கையை விடாதீர்கள். இருட்டுவதற்கு முன்பே கிராமத்துப் பக்கம் திரும்பிவிடுங்கள்.