கருப்பிக்குத் தோல் வறண்டப்போ

ஆனி மாசக் காத்துல எங்க கன்னி இன நாய் கருப்பிக்கு முதுகெல்லாம் மாவு தூவின மாதிரி செதில் உதிர்ந்துச்சு. வாராவாரம் நம்ம சோப்பைப் போட்டுக் குளிப்பாட்டினது என் தப்பு. தோல்ல இருந்த எண்ணெய்ப்பசையும் போயிருச்சு. இப்போ மாசம் ஒரு தடவை, நாய் ஷாம்புதான். நுரை போக அலசணும்.

வெறும் மோர்ச்சோறு பத்தாது. உவரிக் கடற்கரைச் சாளை மீனை (மத்தி) உப்பு, மசாலா, வெங்காயம் சேர்க்காம அவிச்சு, முள்ளெடுத்து, வாரம் ரெண்டு நாள் சோத்துல பிசைஞ்சு வைக்கேன். அதுல உள்ள ஒமேகா 3 கொழுப்பு தோலுக்கு நல்லது. பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும், பொறுங்க.

சாயங்காலம் ரப்பர் சீப்பால முடி போற போக்குலயே தடவுவேன். கண்ணை மூடிக் காலை நீட்டிருவா. அப்படியே காதுமடல்ல உண்ணி இருக்கான்னு விரலால தடவிப் பாத்துருவேன். முடி கொட்டித் தோல் சிவந்தா எதையும் பூசாதீங்க, கால்நடை டாக்டர்கிட்ட காட்டுங்க.