கேம்பரில் குடித்தனம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டிலும் சமையல் மேடையும் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டியான கேம்பரில் விடுமுறைக்குப் பத்து நாள் போய்வந்த கையோடு, "பேசாமல் இதிலேயே குடியேறிவிட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் நிறைய. ஆசையில் தப்பில்லை. கதவைத் திறந்தால் ஏரியோ மலையோ, பெருக்கித் துடைக்க ஐந்து நிமிடம், பக்கத்தில் வந்து நிற்பவரைப் பிடிக்கவில்லை என்றால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடலாம். ஆனால் அந்தப் பத்து நாளில் யாரும் போர்வை துவைக்கவில்லை, காய்ச்சலோடு படுக்கவில்லை, ஒரு வாரம் விடாத மழையில் இரண்டு பேராக உள்ளேயே முடங்கிக் கிடக்கவில்லை. முழுநேரமாக வாழப் போகிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான். விடுமுறைப் பழக்கத்தை அப்படியே குடித்தனத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

வண்டி வாங்கும்போதே இது ஆரம்பித்துவிடும். சமையல் மேடை எவ்வளவு பெரிது, கட்டில் எப்படி மடிகிறது என்றெல்லாம் பார்ப்பவர்கள், எவ்வளவு எடை ஏற்றலாம் என்று மட்டும் கேட்பதில்லை. சுமையோடு சேர்த்து 3,500 கிலோவைத் தாண்டக் கூடாத வண்டி, காலியாகவே 3,000 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 500. இரண்டு பேருக்கு 140 போய்விடும். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. கேஸ் சிலிண்டர், கூடுதல் பேட்டரி, பக்கவாட்டில் விரிக்கும் பந்தல், சைக்கிள் என்று சேர்த்தால் இன்னொரு 150. மீதமுள்ள 110 கிலோவுக்குள் துணி, பாத்திரம், மளிகை, கருவிப்பெட்டி, புத்தகம் எல்லாம் அடங்க வேண்டும். பத்து நாளைக்கு அடங்கும். எல்லாப் பருவத்துக்கும் சாமான் வேண்டும் என்னும்போதுதான் இடிக்கும். குடியேறிய முதல் வாரத்திலேயே, எல்லாச் சாமான்களோடும் டேங்க் நிறையத் தண்ணீரோடும் எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பது இன்னும் நல்லது. எடை மீறினால் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், டயர் சூடேறி வெடிக்கலாம். விபத்து நடந்தால் காப்பீட்டுத் தொகையும் இழுபறியாகலாம்.

டயரைப் பொறுத்தவரை 'பட்டன் தேயவே இல்லையே' என்று ஏமாறக் கூடாது. கேம்பர் அதிகம் ஓடுவதில்லை, நின்றுகொண்டே இருக்கிறது. அதனால் தேயும் முன்பே ரப்பர் காய்ந்து வெடிப்பு விடும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் குனிந்து பார்க்க வேண்டியது இதைத்தான்.

அடுத்தது மின்சாரம். கூரையில் ஒரு சோலார் பேனல், உள்ளே ஒரு பேட்டரி, ஒரு இன்வர்ட்டர். இனி வீட்டில் போலவே எல்லாம் ஓடும் என்று நம்பிவிடுகிறார்கள். கணக்குப் போட்டால் உண்மை தெரியும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 1,200 வாட்-மணி. அது ஈய-அமில பேட்டரி என்றால் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் கெட்டுவிடும். ஆக, கைக்குக் கிடைப்பது 600. 1,500 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு அதை 24 நிமிடத்தில் குடித்துவிடும். அதுவும் ஏட்டுக் கணக்கில்தான். நிஜத்தில் இன்னும் குறைவு. பேனலின் மேல் எழுதியிருக்கும் வாட், வெயில் நேராக விழும்போது கிடைக்கும் உச்ச அளவு. கூரையில் படுத்துக் கிடக்கும் பேனலுக்குக் குளிர்காலத்தில் சூரியன் சாய்வாகத்தான் கிடைக்கும். ஒரு மரக்கிளையின் நிழல் விழுந்தாலே உற்பத்தி சரசரவென்று இறங்கும். வெயிலுக்குப் பயந்து மரத்தடியில் நிறுத்தினால் பேட்டரி பட்டினி, பேட்டரிக்காக வெட்டவெளியில் நிறுத்தினால் உள்ளே இருப்பவர் வேக வேண்டும். இந்த இழுபறி தீரவே தீராது, பழகிக்கொள்ள வேண்டியதுதான். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை இன்னும் ஆழமாக இறக்கலாம், ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. எதையும் வாங்கும் முன், எந்தக் கருவி எத்தனை வாட், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும் என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். சூடு உண்டாக்கும் எதையும், அதாவது அடுப்பு, ஹீட்டர், முடி உலர்த்தி போன்றவற்றை, பேட்டரியின் தலையில் கட்டாமல் இருந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

என்னைக் கேட்டால், புதிதாக வருபவர்கள் குறைத்து எடைபோடும் ஒரே எதிரி ஈரம். மூச்சு, வியர்வை, கொதிக்கும் பாத்திரம், காயாத துண்டு எல்லாம் அந்தச் சின்ன அறைக்குள் ஆவியாகச் சேர்கின்றன. கேஸும் எரியும்போது நீராவி விடும்: 1 கிலோ புரொப்பேன் கேஸ் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் உண்டாகிறது. இவ்வளவும் இரவில் குளிர்ந்த கண்ணாடியிலும் தகரத்திலும் போய்ப் படியும். கண்ணாடியில் வழிவதைத் துணியால் துடைத்துவிடலாம், தொல்லை மறைவான இடங்களில்தான். ஒரு குளிர்கால மாதம் கழித்து மெத்தையைத் தூக்கிப் பாருங்கள்: அடிப்பலகை நனைந்து, மெத்தையின் கீழ்ப்புறம் மிளகு தூவியதுபோல் கரும்புள்ளி பிடித்திருக்கும். குளிர்கிறதே என்று எல்லாத் துவாரங்களையும் அடைப்பதுதான் இதற்குக் காரணம். மேல் ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்தே வையுங்கள், சமைக்கும்போது இன்னும் கொஞ்சம். மெத்தைக்கு அடியில் காற்றோட இடைவெளி விட்ட சட்டங்கள் போடுங்கள்.

துவாரத்தை அடைப்பதில் பூஞ்சையைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். தரையோரம் துவாரம் வைத்திருப்பது அதை வெளியேற்றத்தான். சரியாக எரியாத கேஸிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காய்வது கூடவே கூடாது. கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒன்று, தரையை ஒட்டிக் கேஸ் கசிவு அலாரம் ஒன்று, இரண்டும் இல்லாமல் ஒரு இரவுகூடத் தூங்காதீர்கள்.

கழிவறையைப் பற்றிப் பேசக் கூச்சப்படுபவர்கள் கேம்பர் பக்கம் வரவே வேண்டாம். பெரிய கழிவுத் தொட்டி உள்ள வண்டியைக் கழிவுநீர்க் குழாயில் இணைத்து நிறுத்தியிருக்கும்போது, வால்வைத் திறந்தே விட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. நீர் மட்டும் ஓடிவிடும், மற்றது கோபுரமாகக் குவிந்து இறுகிவிடும். அதை உடைக்கிற வேலை எதிரிக்கும் வரக் கூடாது. முக்கால்வாசி நிறையும்வரை மூடிவைத்து, மொத்தமாகத் திறந்துவிடுங்கள். முதலில் கழிவறைத் தொட்டி, அப்புறம் பாத்திரம் கழுவிய தண்ணீர். பின்னது முன்னதன் குழாயைக் கழுவிக்கொடுக்கும்.

கூரை ஓரங்களில் தண்ணீர் புகாமல் அடைத்திருக்கும் பூச்சை வருடத்துக்கு இரண்டு முறையாவது ஏறிப் பாருங்கள். உள்ளே மூலைப் பலகையை அழுத்தினால் மெத்தென்று அமுங்குகிறதா? தண்ணீர் எப்போதோ உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம்.

பணக் கணக்கில் எரிபொருளும் நிறுத்துமிடக் கட்டணமும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பழுதுக்கு என்று தனியாக எடுத்துவைப்பவர்கள் குறைவு. எஞ்சின் படுத்துவிட்டால் வண்டியோடு வீடும் சேர்ந்து பட்டறைக்குப் போய்விடும். அந்த ஒரு வாரம் எங்கே தங்குவது, அதற்கு என்ன செலவு என்பதும் கணக்கில் வர வேண்டும். கடிதம் வர ஒரு முகவரி, வழக்கமான மருத்துவர், முழுநேரக் குடியிருப்பை ஏற்றுக்கொள்ளும் காப்பீடு, இவற்றைக் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். சாதாரண கேம்பர் காப்பீடுகளில் பல, விடுமுறைப் பயன்பாட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

தினமும் ஊர் மாறுவதையும் விட்டுவிடுங்கள். ஆளையும் களைக்க வைக்கும், டீசலையும் தின்னும். ஒரே இடத்தில் இரண்டு வாரம் இருந்தால்தான் இந்த வாழ்க்கையின் ருசி பிடிபடும்: காலையில் எந்தப் பக்கம் வெயில் வரும் என்று தெரியும், நடந்துபோகும் பாதை பழகும், எதிரில் நிற்கும் வண்டிக்காரர் ஸ்பேனர் கேட்டு வருவார். இரண்டு பேர் சேர்ந்து வாழ்பவர்களுக்கு இன்னொன்று: நாளுக்கு ஒரு மணி நேரமாவது ஆளுக்கொரு திசையில் போய்வாருங்கள். சண்டை வந்தபின் போவதைவிட அதற்கு முன்பே போவது மேல்.

இருக்கிற வீட்டை விற்கும் முன் அதே அளவு வண்டியொன்றை ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். வசந்தகாலத்தில் வேண்டாம், மழையும் குளிரும் உச்சத்தில் இருக்கும் மாதமாகப் பார்த்து எடுங்கள். வேலைக்குப் போகிறவர் என்றால் அதிலிருந்தே வேலைக்குப் போங்கள். துணியும் அதிலிருந்தே துவையுங்கள்.