பழைய எக்ஸ்பாக்ஸை அலுமாரியிலிருந்து இறக்குவதற்கு முன்

போன மாதம் லண்டனில் இருக்கும் மச்சான் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். அலுமாரிக்கு மேலிருந்து இறக்கிய பழைய கறுப்பு எக்ஸ்பாக்ஸ் கேம் கன்சோல், பக்கத்தில் ஹேலோ 2 என்ற சுடும் ஆட்டத்தின் டிஸ்க். கீழே ஒரே வரி: “சனிக்கிழமை அடிப்பமா?” நான் உடனே போட்ட பதில்: “பிளக்கில மட்டும் சொருகிப் போடாதே, பொறு.” இதே ஆசையில் இரண்டு வருடம் முன்பு இறங்கி, செய்யக்கூடிய பிழைகளில் பாதியையாவது செய்து முடித்தவன் நான். மச்சானுக்கு எழுதிய நீண்ட பதிலைக் கொஞ்சம் திருத்தி இங்கே தருகிறேன்.

ஹேலோ 2 வெளிவந்தது 2004 நவம்பர் 9. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் 24 மணி நேரத்தில் 12.5 கோடி டாலருக்கு விற்றது. இணையத்தில் மற்றவர்களோடு ஆட உதவும் எக்ஸ்பாக்ஸ் லைவ் சேவை 2002 நவம்பர் 15 அன்றே தொடங்கிவிட்டது என்றாலும், எங்கள் தெருவில் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்த ஆட்டம்தான். அதற்கு முன் கணினியில் இந்த வகை ஆட்டம் ஆடியவர்கள் சர்வர் பட்டியலைத் திறந்து, பிங் (இணைப்பின் தாமதம்) பார்த்து, இடம் காலியா என்று தேடி நுழைய வேண்டும். ஹேலோ 2-இல் அந்தத் தொல்லை இல்லை. எந்த மாதிரி ஆட்டம் வேண்டும் என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினால், உங்கள் தரத்துக்கு ஏற்ற எதிரிகளை அதுவே பிடித்துக்கொண்டு வரும். ஆட்டம் முடிந்தபின்பும் கூட்டம் கலையாது. அதே பார்ட்டி அப்படியே அடுத்த மேப்புக்குப் போகும். கனடாவில், ஸ்கார்பரோவில் சின்னம்மா வீட்டுப் பேஸ்மென்டில் ஒரு டிவியை நாலாகப் பிரித்து, ஒரே கணக்கில் நாலு பேர் நுழைந்து, விடிய விடிய லாக்கவுட், மிட்ஷிப் என்ற மேப்புகளில் ஆடியிருக்கிறோம். ஆள் தேடும் வேலையை இயந்திரம் பார்த்துக்கொண்டது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

சரி, முதலில் மின்சாரம். மச்சானின் கன்சோல் கனடாவில் வாங்கியது. முதல் எக்ஸ்பாக்ஸின் மின்வழங்கி எல்லா நாட்டுக்கும் பொதுவானது அல்ல. வட அமெரிக்கப் பெட்டி 110 வோல்ட் சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் செய்தது. லண்டன் சுவரிலோ யாழ்ப்பாணச் சுவரிலோ வருவது 230 வோல்ட். இன்றைய போன் சார்ஜர்கள் எந்த நாட்டு மின்சாரத்தையும் தாங்குவதால் நமக்கு இந்தப் பயமே விட்டுப்போய்விட்டது. பிளக்குக்கு ஒரு அடாப்டர் போட்டால் போதும் என்று நினைத்துச் சொருகினால் ஒரு ‘டப்’ சத்தத்தோடு கதை முடிந்துவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள், இல்லையென்றால் அந்த ஊர்ப் பெட்டியையே தேடுங்கள். பழைய மின்கம்பியையும் ஒருமுறை பாருங்கள். தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கிறதென்று 2005 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் 1 கோடியே 41 லட்சம் கம்பிகளை மாற்றித் தருவதாக அறிவித்தது. அலுமாரியில் 15 வருடம் கிடந்த பெட்டிகளில் எத்தனை மாற்றாத கம்பியோடு கிடக்கின்றனவோ!

அடுத்தது நான் செய்த பிழை, இன்னும் வயிறெரிகிறது. பெட்டி நன்றாக ஓடியது, ஆகவே திறந்து பார்க்கவில்லை. முதல் எக்ஸ்பாக்ஸின் தாய்ப்பலகையில் நேரத்தை நினைவு வைத்திருக்க ஒரு மின்தேக்கி இருக்கும். கடைசியாக வந்த 1.6 பதிப்பைத் தவிர்த்து மற்றப் பதிப்புகளில் அது காலப்போக்கில் கசியும். கசிந்த திரவம் சுற்றியுள்ள செப்புத் தடங்களை மெல்ல அரிக்கும். வெளியில் எந்த அறிகுறியும் தெரியாது. ஒருநாள் பெட்டி தானாகவே ஆன் ஆகும், அல்லது ஆன் ஆகவே ஆகாது. இந்த மின்தேக்கியைக் கழற்றி எறிந்தால் வரும் நட்டம், மின்சாரத்தைத் துண்டிக்கும்போதெல்லாம் தேதியையும் நேரத்தையும் மறுபடி போட வேண்டும் என்பது மட்டுமே. கழற்றி, அந்த இடத்தைச் சுத்தம் செய்ய அரை மணி நேரம் போதும். எனக்கு அந்த அரை மணி நேரம் கிடைக்கவில்லை. அப்புறம் இன்னொரு கன்சோல் தேடி மூன்று மாதம் அலைய மட்டும் நேரம் கிடைத்தது.

வன்தட்டிலும் ஒரு பொறி உண்டு. 8 ஜிபி என்று வந்த அந்தப் பழைய தட்டு தன் தாய்ப்பலகைக்கு மட்டும் திறக்கும்படி பூட்டப்பட்டிருக்கும். சாவி பலகையிலுள்ள ஈப்ராம் என்ற சிறு சில்லில் இருக்கிறது. தட்டு செத்த பிறகு கடையில் இன்னொன்றை வாங்கிப் பொருத்தினால் பெட்டி அதை ஏற்காது. பலகை செத்தால் தட்டில் உள்ள சேமிப்புகளும் பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் நகைதான். இரண்டும் உயிரோடு இருக்கும்போதே ஈப்ராமை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக ஓடுகிற பெட்டியை ஏன் நோண்ட வேண்டும் என்று பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள், ஓடுகிறபோதுதான் இதைச் சுலபமாகச் செய்ய முடியும் என்பது தெரியாமல்.

டிவி பற்றிச் சுருக்கமாக. பெரிய எல்சிடியில் போட்டுவிட்டு “கை ஓடவில்லை, வயதாகிவிட்டது” என்று சொல்லாதீர்கள். பழைய படத்தைப் பெரிதாக்கிக் காட்ட டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் உங்கள் குறியைக் கெடுக்கிறது. கேம் மோடைப் போடுங்கள், மஞ்சள் கம்பியை விட்டுவிட்டுக் காம்போனன்ட் கம்பிக்கு மாறுங்கள். யாராவது குழாய் டிவியை எறியப்போகிறார்கள் என்றால் ஓடிப்போய் வாங்குங்கள், வீட்டில் திட்டு விழுந்தாலும் பரவாயில்லை.

இவ்வளவு சிரமம் எதற்கு, பழைய ஹேலோக்களைப் புதுக் கன்சோலில் ஆட வைக்கும் மாஸ்டர் சீஃப் கலெக்‌ஷன் இருக்கிறதே என்று ஒரு கட்சி சொல்லும். 2014 நவம்பர் 11 அன்று அது வந்தபோது ஆள் சேர்க்கும் பகுதி மாதக்கணக்கில் சரியாக வேலை செய்யவில்லை என்பது ஊரறிந்த கதை. இப்போது நன்றாகவே ஓடுகிறது. ஆடுங்கள். ஆனால் அதைத் திறந்துவிட்டு “அந்தச் சுவை இல்லை” என்று ஏமாறுவது உங்கள் பிழை. பழைய ஆட்டம் வினாடிக்கு 30 பிரேமில் ஓடியது. ஆடுகிறவர்களில் ஒருவரின் கன்சோலே ஹோஸ்டாக இருந்து ஆட்டத்தை நடத்தியது. அடித்து, மறுநிரப்பலை வெட்டி, உடனே சுடும் பிஎக்ஸ்ஆர் போன்ற விரல் வித்தைகள் எல்லாம் அந்த வேகத்தோடும் அந்தக் குறைகளோடும் சேர்ந்து வளர்ந்தவை. புதிய வீட்டுக்குப் பழைய வீட்டின் சாமானைக் கொண்டுபோகலாம். பழைய சமையலறையின் புகையைக் கொண்டுபோக முடியுமா?

இனி பெரிய பிழைக்கு வருவோம்.

மைக்ரோசாஃப்ட் பழைய எக்ஸ்பாக்ஸுக்கான லைவ் சேவையை 2010 ஏப்ரல் 15 அன்று மூடியது. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களை அது உடனே தள்ளிவிடவில்லை. ஒரு சிறு கூட்டம் கன்சோலை அணைக்காமலே ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவருடைய இணைப்பாக அறுந்து, மே மாதம் இரண்டாம் வாரத்தில் கடைசி ஆளும் விழுந்தார். சேவை போனதோடு பழைய பெட்டியிலிருந்து அந்த நண்பர் பட்டியலை எட்டவும் முடியாமல் போனது. ஆட்டங்களின் கணக்குகளை வைத்திருந்த, ஹேலோவைச் செய்த பங்கி நிறுவனத்தின் ஹேலோ தளமும் 2021 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. கன்சோலை ஏற்றியதும் திரையில் உங்கள் பழைய பெயர் இன்னும் தெரியும், தட்டில் இருப்பதால். அதைப் பார்த்து நெஞ்சு ஒருதரம் துள்ளும். ஆனால் அழுத்தினால் எங்கேயும் போகாது.

இப்போது இரண்டு வழி. ஒன்று இன்சிக்னியா: ஆர்வலர்கள் பழைய லைவ் சேவையைப் போலவே நடந்துகொள்ளும்படி புதிதாக எழுதிய மாற்று சேவை. புதுக் கணக்கு திறந்து, கன்சோலின் இணைய அமைப்பில் டிஎன்எஸ் முகவரியை மாற்றினால், கன்சோல் பழைய காலம் என்றே நம்பிக்கொண்டு உள்ளே போகும். மற்றது எக்ஸ்லிங்க் கை (XLink Kai) என்ற மென்பொருள்: ஒரே வீட்டில் கன்சோல்களைக் கம்பியால் இணைத்து ஆடும் சிஸ்டம் லிங்க் வசதியை, பக்கத்தில் இருக்கும் கணினி மூலம் இணையத்தில் நீட்டித் தருவது. முன்பின் தெரியாதவர்களோடு ஆட முதலாவது, சொந்தபந்தத்தோடு ஆட இரண்டாவது என்பது என் கணக்கு.

பெரும்பாலானவர்கள் இன்சிக்னியாவை அமைத்து, செவ்வாய்க்கிழமை மத்தியானம் மேட்ச்மேக்கிங்கை அழுத்தி, பத்து நிமிடம் காத்திருந்து, “ஒருத்தரும் இல்லை, செத்துப்போன ஆட்டம்” என்று மூடிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் மூடினேன். அன்று இயந்திரம் ஆள் பிடித்துக் கொடுத்ததற்குக் காரணம், எந்த நேரமும் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் பக்கம் நின்றது. இன்று இருக்கும் சிறு கூட்டம் நாள் குறித்து, நேரம் குறித்துக் கூடுகிறது. ஊர்த் திருவிழா முடிந்த மறுநாள் கோயில் வீதிக்குப் போய் “கூட்டம் எங்கே” என்று கேட்கலாமா? எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் கூடுகிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். பொத்தானை அழுத்துவது அதற்குப் பிறகுதான்.

சொந்தக்காரர்களோடு ஆடுகிறவர்கள் செய்யும் பிழை வேறு: யார் ஹோஸ்ட் என்று யோசிக்காமல் தொடங்குவது. ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். நேர்கோட்டில் கேபிள் இழுத்திருந்தாலே போய்வர 140 மில்லிசெகண்ட் ஆகும். கடலுக்கடியில் வளைந்து போவதால் நிஜத்தில் இன்னும் கூடும். நான் ஹோஸ்டாக இருந்தால் யாழ்ப்பாணத்துத் தம்பி சுடுவதெல்லாம் நேற்றுச் சுட்ட மாதிரி வந்து சேரும். அவன் ஹோஸ்ட் என்றால் எனக்கு அதே கதி. நடுவில் இருக்கும் லண்டன் மச்சான் ஆட்டத்தைத் திறந்தால் துன்பம் இருவருக்கும் பங்காகும். எக்ஸ்பாக்ஸ் 360-இல் ஹேலோ 3 ஆடலாம் என்று தாவுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அந்தக் கன்சோல் சிஸ்டம் லிங்க்கில் 30 மில்லிசெகண்டுக்கு மேல் பிங் இருந்தால் ஆட்டத்தில் சேர்க்காது. ஒரே ஊர் என்றால் பரவாயில்லை, கடல் தாண்டினால் நடக்காது. இந்த விஷயத்தில் பழைய பெட்டிதான் தாராள மனசு.

கம்பி பற்றியும் ஒரு வார்த்தை. கணினியை வைஃபையில் விட்டுவிட்டு எக்ஸ்லிங்க் கை ஓடவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய. கன்சோலையும் கணினியையும் ஒரே ரவுட்டரில் கம்பியால் இணைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

எல்லாம் சரியாகி ஆட்டத்துக்குள் போனபின் இன்னொரு அடி காத்திருக்கிறது. இன்னும் இதை ஆடுகிறவர்களில் பலர் இதை விட்டே போகாதவர்கள். நீங்கள் கல்யாணம், பிள்ளை, வீட்டுக்கடன் என்று ஓடிய 15 வருடமும் அவர்கள் லாக்கவுட்டின் ஒவ்வொரு மூலையையும் அளந்துகொண்டிருந்தார்கள். 50 கொலைக்கு ஆடும் டீம் ஸ்லேயரில் என் முதல் நாள் கணக்கு: மூன்று கொலை, 19 சாவு. “நான் அப்பவே லெவல் 30” என்று சொல்லிக்கொண்டு போகாதீர்கள். அங்கே ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

நினைவும் நம்மை நன்றாக ஏமாற்றுகிறது. ஹெட்செட்டை மாட்டினால் அந்தப் பக்கத்து எதிரியின் குரல் கிட்டே வரக் கேட்கும் என்பது அன்று பெரிய வியப்பு. அதைத்தான் எல்லோரும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம். அந்தக் குரல்களில் பாதி என்ன சொல்லின என்பதை வசதியாக மறந்துவிட்டோம். எங்கள் ஆங்கில உச்சரிப்பைக் கேட்ட உடனே 12 வயதுப் பையன் ஒருவன் தொடங்குவான்; எழுத முடியாத வார்த்தைகள். மச்சான் பதிலுக்குச் சுத்தத் தமிழில் கொடுப்பான், அது தனி இன்பம். மோடத்தின் ஸ்டாண்ட்பை பொத்தானை அழுத்தி மற்றவர்களை உறையவைத்துவிட்டுச் சுடுகிற ஹோஸ்ட்களும் அன்று தாராளம். ஆகவே இன்சிக்னியாவில் யாராவது கெட்ட வார்த்தை பேசினால் “அந்தக் காலம் இப்படியா இருந்தது” என்று பெருமூச்சு விடாதீர்கள். அப்படியேதான் இருந்தது.

மச்சானுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வந்து சேர்ந்துவிட்டது. மின்தேக்கி கசிந்திருந்தது, ஆனால் தடங்கள் தப்பிவிட்டன. யாழ்ப்பாணத்துத் தம்பியிடம் பெட்டி இல்லை. அவன் கணினியில், பழைய எக்ஸ்பாக்ஸைப் போலவே நடந்துகொள்ளும் எக்ஸெமு என்ற எமுலேட்டரைப் போட்டிருக்கிறான். நேரம் பிடிப்பதுதான் கடைசி வரை இழுபறியாக இருந்தது. இறுதியில் சனிக்கிழமை எனக்குக் காலை 10 மணி, மச்சானுக்கு மத்தியானம் 3, தம்பிக்கு இரவு எட்டரை என்று முடிவானது. நாலாவது ஆள் சின்னம்மாவின் மகள். அன்று எங்களுக்குத் தெரியாமல் எங்கள் கணக்கில் ஆடி லெவலைக் கெடுத்தவள். “மேப் என்ன?” என்று மட்டும் கேட்டிருக்கிறாள்.