முதல் முறையாக லாரி கம்பெனியில் டிரைவராகச் சேர்கிறீர்களா? சாவியை வாங்கும் முன் பேசி முடிக்க வேண்டியவை

ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்த வாரத்திலேயே வேலை கிடைத்துவிடும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் டிரைவர் இல்லாமல் நிற்கும் வண்டிகள் நிறைய. அதனால் வேலை தேடுவதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. மாதம் முழுக்க ஓட்டிவிட்டு, கடைசியில் கணக்குத் தகராறில் வெறுங்கையோடு வீட்டுக்கு வரும் தம்பிகளைப் பார்க்கும்போது மனது கஷ்டமாக இருக்கிறது. நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள்தான். முதல் நாள் கேட்க வேண்டியதைக் கேட்காமல் சாவியை வாங்கிவிட்டார்கள்.

கிளீனராக ஏறி, பிறகு இருபது வருடம் வடநாட்டு லைன் ஓட்டியவன் நான். ஒரு முதலாளியிடம் என்னென்ன எதிர்பார்க்கலாம், எதை எப்போது கேட்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. உங்கள் காகிதங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

இது சின்ன வேலை. டிரான்ஸ்போர்ட் லைசென்ஸுக்கு 20 வயது முடிந்திருக்க வேண்டும். கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். டிரான்ஸ்போர்ட் லைசென்ஸை இப்போது 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். கேஸ் டேங்கர், பெட்ரோல் டேங்கர் ஓட்ட ஆசை என்றால் ஆபத்தான சரக்குக்கான மூன்று நாள் பயிற்சியை முடித்து, லைசென்ஸில் தனியாகப் பதிவு வாங்க வேண்டும். அது இல்லாமல் “ஒரே ஒரு நடை போய்ட்டு வா” என்று யார் சொன்னாலும் ஏறாதீர்கள்.

ஒரிஜினல் லைசென்ஸை ஆபீசில் வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கொடுக்க வேண்டாம். நகல் கொடுங்கள், டிஜிலாக்கரில் இருப்பதைக் காட்டுங்கள். லைசென்ஸ் அவர்கள் மேசைக்குள் போய்விட்டால், நாளைக்கு வேலையை விட நினைத்தாலும் உங்களால் நகர முடியாது.

2. ஆபீசுக்குப் போகும் முன் செட்டுக்குப் போங்கள்

சாயங்காலம் வண்டிகள் வந்து நிற்கும் நேரம் பார்த்துப் போய், அங்கே ஓட்டிக்கொண்டிருக்கும் இரண்டு டிரைவர்களிடம் டீ குடித்தபடி பேசுங்கள். இரண்டு கேள்வி போதும். “போன டிரிப் கணக்கு எத்தனை நாளில் முடித்துக் கொடுத்தார்கள்?” “வழியில் வண்டி நின்றுபோனால் ஓனர் போனை எடுப்பாரா?” இதற்கு வரும் பதிலை ஆபீசில் யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். பத்து வருடமாக ஒரே ஓனரிடம் இருக்கும் டிரைவர் ஒருவராவது அந்தச் செட்டில் இருந்தால் நல்ல அடையாளம்.

3. சம்பளம் எந்தக் கணக்கில் என்று கேளுங்கள்

“எவ்வளவு தருவீங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். எப்படிக் கணக்கிடுவீர்கள் என்பதுதான் முக்கியமான கேள்வி. பொதுவாக மூன்று வகை உண்டு. மாதச் சம்பளத்தோடு தினப்படி, டிரிப்புக்கு இவ்வளவு என்று முடிப்பது, வாடகையில் சதவீதம்.

சதவீதக் கணக்கில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். போகவர மொத்த வாடகை 1,00,000 ரூபாய், உங்களுக்கு 12 சதவீதம் என்று பேச்சு. 12,000 வரும் என்று நினைத்துக்கொண்டு ஓட்டுவீர்கள். கணக்கு முடிக்கும் நாளில் புரோக்கர் கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் கழித்து 85,000-க்குத்தான் சதவீதம் என்பார்கள். 10,200 வரும். ஒரே டிரிப்பில் 1,800 ரூபாய் குறைந்துவிட்டது. இதில் முதலாளி பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. எந்தத் தொகைக்குச் சதவீதம் என்று நீங்கள் கேட்கவில்லை. படி அதற்குள்ளேயா, தனியா என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது ஹால்டிங். சரக்கை இறக்க பார்ட்டி இடம் கொடுக்காமல் மூன்று நாள் நிறுத்திவிடுவார்கள். ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் டிரான்ஸ்போர்ட் நகரில் நான்கு நாள் கிடப்பீர்கள். அந்த நாள்களுக்குப் படி உண்டா? வண்டி ஓடாத நாளிலும் உங்களுக்குப் பசிக்கும். மாதச் சம்பளம் என்றால் இந்தக் கவலை கொஞ்சம் குறைவு. முதல் வருடம் தொகை கம்மியாக இருந்தாலும் மாதச் சம்பளத்தில் சேருங்கள் என்பேன். ஓட்டத்தையும் பாதையையும் கற்றுக்கொள்ளும் காலத்தில் வாடகை ஏற்ற இறக்கத்தை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

அப்புறம் டீசல். ஆபீசில் ஒரு மைலேஜ் வைத்திருப்பார்கள். நாமக்கல்லில் இருந்து ஓசூர், பெங்களூரு, ஹைதராபாத் வழியாக நாக்பூர் சுமார் 1,300 கிலோமீட்டர், போகவர 2,600. லிட்டருக்கு 4 என்று அவர்கள் வைத்தால் 650 லிட்டர். ஆனால் வண்டி பழசாகி உண்மையில் 3.7 தான் கொடுக்கிறது என்றால் 703 லிட்டர் குடிக்கும். அந்த 53 லிட்டர் யார் தலையில்? லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தாலே 4,800-க்கு மேல் போகிறது. எனவே முதல் டிரிப்பை டேங்க் நிரப்பி ஆரம்பித்து, திரும்பி வந்து நிரப்பிப் பார்த்து, அதில் வரும் மைலேஜை வைத்துக்கொள்வோம் என்று பணிவாகச் சொல்லுங்கள். நேர்மையான ஓனர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். லோடு, காலி, மலைப்பாதை மூன்றுக்கும் ஒரே மைலேஜ் வைக்கும் இடத்தில் யோசித்துச் சேருங்கள்.

4. அபராதம் யாருடையது?

2021-இல் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு டோல் பணம் டிரைவர் கையில் இல்லை, அந்த வகையில் நிம்மதி. ஆனால் அபராதம் இருக்கிறது. நான் சரி என்று நினைக்கும் பங்கு இதுதான்: வேகம், சிக்னல், போன் பேசியது போன்ற ஓட்டும் தவறுக்கு டிரைவர் பொறுப்பு. எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), பெர்மிட், இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஈ-வே பில் (சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. சீட்டு) காலாவதி, ஓவர்லோடு எல்லாம் ஓனர் பொறுப்பு. சேரும்போதே இதைச் சொல்லி ஒத்துக்கொள்ள வையுங்கள்.

ஓவர்லோடு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள். பத்து சக்கர வண்டிக்கு வண்டியும் சரக்கும் சேர்ந்து 28.5 டன் வரை அனுமதி. ஐந்து டன் கூடுதலாக ஏற்றினால் 20,000 ரூபாயோடு, டன்னுக்கு 2,000 வீதம் இன்னும் 10,000, மொத்தம் 30,000. கூடுதல் சரக்கை இறக்கினால்தான் வண்டி நகரும். அதெல்லாம் பணம். இறக்கத்தில் பிரேக் சூடேறி நிற்காமல் போனால் ஸ்டியரிங்கில் இருப்பது நீங்கள். லோடு ஏற்றியதும் எடைமேடைச் சீட்டை போட்டோ எடுத்து ஆபீஸ் வாட்ஸப்புக்கு அனுப்பிவிட்டு, பதில் வந்த பிறகு கிளம்புங்கள்.

5. வண்டியைக் கையில் வாங்கும் நாள்

பகல் வெளிச்சத்தில் வாங்குங்கள். என் முதல் ஓனர் ராத்திரி ஒன்பது மணிக்குச் சாவியைக் கொடுத்து, உடனே லோடுக்குப் போகச் சொன்னார். சந்தோஷத்தில் வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. இருபது நாள் கழித்துத் திரும்பி வந்தபோது, ஸ்டெப்னி டயர் நம்பர் மாறியிருக்கிறது, நல்ல டயரை விற்றுவிட்டு மொட்டை டயரை வைத்துவிட்டாய் என்றார்கள். நான் ஸ்டெப்னியைக் கழற்றவே இல்லை. முன்பு ஓட்டியவர் காலத்திலேயே மாறியிருக்கலாம். நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. இரண்டு டிரிப் சம்பளம் போனது.

அதற்குப் பிறகு நான் விடாமல் செய்வது இது. ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனா. முன் இடது டயரில் ஆரம்பித்து வண்டியைச் சுற்றி வருவேன். ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் நம்பர் இருக்கும், மண் அப்பியிருந்தால் ஈரத் துணியால் துடைத்தால் தெரியும். இரட்டைச் சக்கரத்தில் உள் டயர் நம்பரைப் பார்க்க டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும், சட்டை அழுக்காகும், பரவாயில்லை. லீவர் ராடால் ஒவ்வொரு டயரையும் தட்டுவேன். நல்ல காற்று இருந்தால் ராடு துள்ளும். காற்று இறங்கியது ‘பொத்’தென்று சத்தம் கொடுக்கும். ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர், தார்ப்பாய் எத்தனை, அதில் கிழிசல் எங்கே, கயிறு எத்தனை, பேட்டரி நம்பர், கிலோமீட்டர் ரீடிங், டேங்கில் டீசல் அளவு, பி.எஸ். 6 வண்டி என்றால் ஆட்புளூ (புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் திரவம்) அளவு. எழுதி முடித்து ஆபீசில் மேனேஜர் கையெழுத்து வாங்கிவிடுவேன். கையெழுத்துப் போடத் தயங்கினால், பக்கத்தை போட்டோ எடுத்து அவர் நம்பருக்கே அனுப்பிவிடுங்கள். தேதியோடு அங்கேயே இருக்கும்.

பிறகு இன்ஜினை ஓட விட்டு, ஏர் பிரஷர் ஏறிய பிறகு, வண்டியை நகர்த்தி பிரேக் பிடித்துப் பாருங்கள். காற்று கசியும் சத்தம் கேட்டால் பட்டறைக்குப் போய்விட்டுத்தான் லோடுக்குப் போவது என்று சொல்லுங்கள். ரிப்பேர் செய்த வண்டியைத் தருவது முதலாளியின் கடமை, அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

6. நேரக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்

அதே நாக்பூர் லைனை எடுத்துக்கொள்வோம். லோடு வண்டிக்கு டோல், ஊர், மேடு எல்லாம் சேர்த்து சராசரி 40 கிலோமீட்டர் கிடைத்தால் நல்லது. 1,300-ஐ ஓட்ட 32 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று 1961-இலேயே ஒன்று வந்தது. ஐந்து பேராவது வேலை செய்யும் நிறுவனத்தில் நாளுக்கு 8 மணி நேரம், நீண்ட தூர ஓட்டத்துக்கு அனுமதியோடு 10 மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்று அதில் இருந்தது. 10 மணி நேரம் வைத்தாலும் நாக்பூர் போக நான்காவது நாள் ஆகிவிடும். நாளை மறுநாள் காலையில் வண்டி அங்கே நிற்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால், நீங்கள் தூங்கக் கூடாது என்று சொல்கிறார் என்றுதான் அர்த்தம். அப்படிப்பட்ட லோடுக்கு இரண்டாவது டிரைவர் வேண்டும் என்று கேளுங்கள். நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதியை 2018-இல் எடுத்துவிட்டார்கள், கிளீனரும் இல்லாமல் தனியாகப் போகிற காலம் இது. அதனால் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கண் சொருகும்போது ஓட்டாதீர்கள். ராத்திரி இரண்டிலிருந்து ஐந்து வரை நான் எத்தனை அவசர லோடு என்றாலும் பெட்ரோல் பங்க்கில் நிறுத்திப் படுத்துவிடுவேன். இதற்காக என்னை வேலையை விட்டு நிறுத்திய ஓனரும் உண்டு. என்னோடு கிளீனராக இருந்தவர்களில் இருவர் அந்த நேரத்தில்தான் போனார்கள்.

7. உங்களுக்கு ஏதாவது ஆனால்?

வண்டியின் இன்சூரன்ஸ் பாலிசியை வாங்கிப் படியுங்கள். அதில் ‘ஓனர் டிரைவர்’ விபத்துக் காப்பீடு என்று ஒரு வரி இருக்கும். அது உங்களுக்கு இல்லை. வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு. ‘பெய்ட் டிரைவர்’ என்று தனி வரி இருக்கிறதா பாருங்கள். அதற்குப் பிரீமியம் மிகவும் குறைவு. இல்லை என்றால் சேர்க்கச் சொல்லுங்கள்.

பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கம்பெனி, சம்பளம் 21,000-க்குள் என்றால் இ.எஸ்.ஐ. கேளுங்கள். இருபது பேர் இருந்தால் பி.எஃப். உண்டு. நியமனக் கடிதமும் கேளுங்கள். 2020-ஆம் ஆண்டுத் தொழிலாளர் தொகுப்புச் சட்டப்படி அது முதலாளி தர வேண்டியது. ஐந்து வண்டி ஓனரிடம் இவை கிடைப்பது கஷ்டம், அது எனக்கும் தெரியும். அங்கே சேர்கிறவர்கள் தமிழ்நாடு அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் கட்டாயம் பதிந்துகொள்ளுங்கள். பிள்ளைகள் படிப்புக்கு உதவி, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம், இறப்பு உதவி எல்லாம் அதில் இருக்கிறது. சம்பளத்தையும் ரொக்கமாக வாங்காமல் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். விபத்து இழப்பீடு கேட்டுப் போகும் நாளில், நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்பதற்கு உங்கள் வீட்டார் கையில் இருக்கும் ஆதாரம் அந்தப் பாஸ்புக்தான்.

8. முன்பணம் வாங்கும்போது

நல்ல டிரைவரைப் பிடித்து வைக்க முன்பணம் தருவது இந்தத் தொழிலில் வழக்கம். தங்கை கல்யாணம், வீட்டுக் கடன் என்று நமக்கும் தேவை இருக்கும். வாங்குவது தவறில்லை. ஆனால் எழுதாத பத்திரத்திலோ, தொகை போடாத புரோநோட்டிலோ கையெழுத்துப் போடாதீர்கள். எவ்வளவு வாங்கினீர்கள், டிரிப்புக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்று எழுதி ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையை விட்டு விலகும் நாளிலும் அந்த நாற்பது பக்க நோட்டைக் கையில் எடுங்கள். மறுபடி முன் இடது டயரில் ஆரம்பித்து, மேனேஜரைப் பக்கத்தில் நிற்க வைத்து, நம்பரை நீங்கள் படிக்க அவர் சரிபார்க்கட்டும். வழியில் மாற்றிய டயருக்கு பில்லைக் காட்டுங்கள். பாக்கி ஒன்றும் இல்லை என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு, அப்புறம் சாவியைக் கொடுங்கள்.