திருவிழாவுக்குக் கண்ணைச் சுழற்றும் சுங்குடி

மீனாட்சி அம்மன் கோயிலில் அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? விதானத்து வட்டத் தாமரைகள், 1960களில் மேற்கே பரவிய சைக்கடெலிக் (மனமயக்கக் காட்சி) ஓவியங்களைப் போலவே கண்ணைச் சுழற்றும். சித்திரைத் திருவிழா உடைக்கு அதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியாது.

சூட்சுமம் நிறத்தில் இருக்கிறது. சிவப்புக்குப் பச்சை, நீலத்துக்கு ஆரஞ்சு என எதிர்நிறங்களை ஒட்டி வைத்தால் விளிம்பு அதிர்வதுபோல் தெரியும். ஆனால் இரண்டும் ஒரே அளவு பளிச்சென்று இருக்க வேண்டும். கடையிலேயே செல்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் சரியான ஜோடி.

புள்ளி நெருங்கிய சுங்குடியில் (முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் மதுரைப் பருத்தித் துணி) பாவாடை தைத்தால், மேலே ஒற்றை நிறச் சட்டை போதும். இரண்டிலும் புள்ளி என்றால் எதிரே நிற்பவருக்குத் தலை சுற்றும்! உடுத்தும் முன் இரண்டு முறையாவது தனியாக அலசிவிடுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்சுவார்கள். சாயம் பக்கத்தில் நிற்பவர் வேட்டியில் இறங்கக் கூடாது.