சியானில் ஆட்டுக்கறி பாவ்மோ: முதல் தடவை போகிறவர்களுக்கு

பாவ்மோ என்பது ரொட்டியைச் சிறு துண்டுகளாகப் பிய்த்து ஆட்டுக்கறிக் குழம்பில் வேகவைத்துத் தரும் சாப்பாடு. சீனாவின் சியான் நகரில் போய் இறங்கிய அன்று இரவு, எல்லாரையும் போல நானும் முரசுக் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும் பெய்யுவான்மென் தெருவுக்குத்தான் போனேன். விளக்கும் கூட்டமும் அழகு. சாப்பாடு மனதில் நிற்கவில்லை. மறுநாள் விடுதிப் பெண்ணிடம் "நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டேன். "ஸாஜின்சியாவ்" என்று இன்னொரு தெருவின் பெயரைச் சொன்னார். அந்த ஒரு சொல்லில்தான் என் பயணமே திரும்பியது.

படி 1: போன். பணம் செலுத்தும் செயலியான அலிபேயில் உங்கள் விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை ஊரிலேயே இணைத்துவிடுங்கள். வரைபடத்துக்கு காவ்தே செயலிதான் என் தேர்வு. கூகுள் மேப்ஸை நம்பி அங்கே சந்துக்குள் நுழையாதீர்கள்.

படி 2: போகும் நேரம். மெட்ரோ 1-ஆம் தடத்தில் ஸாஜின்சியாவ் என்றே நிலையம் இருக்கிறது. காலையிலேயே போங்கள், சில நல்ல கடைகள் மதியத்தோடு மூடிவிடும். இது ஹுய் முஸ்லிம்கள் வாழும் பகுதி. கடைகள் ஹலால், பெயர்ப்பலகையில் 'சிங்ஜென்' என்று சீனத்தில் எழுதியிருக்கும். வெளியில் வாங்கிய பன்றி இறைச்சியோ மதுவோ உள்ளே எடுத்துப் போகக் கூடாது.

படி 3: ரொட்டியைப் பிய்ப்பது. நான் தடுமாறிய இடம் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். வெறும் கிண்ணமும் கெட்டியான வட்ட ரொட்டி ஒன்றிரண்டும் தருவார்கள். அதை நீங்களே பிய்த்துப் போட வேண்டும். நான் பரோட்டா பிய்ப்பது போலப் பெரிது பெரிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டேன். வந்த கிண்ணத்தில் துண்டின் வெளிப்பக்கம் குழைந்து, நடுவில் மாவு மாவாக இருந்தது. குழம்பு உள்ளே இறங்கவே இல்லை.

சரியான முறை: முதலில் ரொட்டியை இரண்டாக, பிறகு நான்காக உடையுங்கள். ஒவ்வொரு துண்டையும் குறுக்காகப் பிளந்து மெல்லிசாக்குங்கள். அப்புறம் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சோயா பயறு அளவுக்குக் கிள்ளிக் கிள்ளிப் போடுங்கள். இருபது நிமிடமாவது ஆகும். பக்கத்து மேசைப் பெரியவர்கள் அரட்டை அடித்தபடி இதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள். சில கடைகளில் இயந்திரத்தில் வெட்டிய ரொட்டியும் உண்டு. அதை எடுக்காதீர்கள், கையால் கிள்ளிய சொரசொரப்பில்தான் குழம்பு ஏறும்.

கிள்ளி முடித்ததும் எண் வில்லையோடு கிண்ணம் சமையலறைக்குப் போகும். உங்கள் ரொட்டி உங்களுக்கே திரும்பி வரும்.

படி 4: குழம்பு எவ்வளவு? 'கான்பா' என்றால் குழம்பு முழுக்க வற்றியது. 'கோதாங்' என்றால் சாப்பிட்டு முடிக்கையில் ஒரு வாய் மிஞ்சும். 'ஷ்வெய்வெய்செங்' என்றால் ரொட்டியைச் சுற்றி அகழி போல நிற்கும். முதல் தடவைக்குக் கோதாங் கேளுங்கள்.

படி 5: சாப்பிடுவது. கிளறாதீர்கள். ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் கடைசி வரை சூடு ஆறாது. கூடவே வரும் இனிப்பு ஊறுகாய்ப் பூண்டை இடையிடையே கடித்துக்கொள்ளுங்கள்; ஆட்டுக்கொழுப்பின் கனம் உடனே குறையும்.

பின்சேர்க்கை: சைவக்காரர்கள் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். இதே பகுதியில் எள் விழுது ஊற்றிய லியாங்பி கிடைக்கும். குளிர்ந்த பட்டை நூடுல்ஸ், வெள்ளரித் துருவல், வினிகர், மிளகாய் எண்ணெய். இறைச்சி வேண்டாம் என்பதற்கு 'பு யாவ் ரோ' என்று சொல்லுங்கள். பாவ்மோவில் மட்டும் "கறி இல்லாமல்" என்று கேட்டுப் பயனில்லை, அந்தக் குழம்பே எலும்பு வேகவைத்த நீர்தான்.