ஜப்பான் பக்கம் ஆடுபவர்கள் முதல் சில மாதங்களில் செய்யும் தவறுகள்

இரண்டாம் உலகப் போரின் பசிபிக் களத்தை நடத்திப் பார்க்கும் ‘வார் இன் தி பசிபிக்: அட்மிரல்ஸ் எடிஷன்’ என்ற கணினி ஆட்டத்தில் ஜப்பானை எடுத்து ஆடும் புதியவர்கள் சிலர் தங்கள் சேவ் ஃபைலை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பதுண்டு. ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும்போது, நாங்கள் எல்லாம் விழுந்து எழுந்த குழிகள் அப்படியே இருக்கின்றன. கப்பலுக்கு எரிபொருள் போட மறப்பது, வேவு விமானம் அனுப்பாமல் இறங்குவது போன்றவை ஓரிரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். ஆட்டத்தையே தின்றுவிடும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பேர்ல் ஹார்பரை விட்டு நகராமல் இருப்பது

ஹவாயில் உள்ள இந்த அமெரிக்கக் கடற்படைத் தளத்தை முதல் நாள் அடித்தால் போதும். ஆறு கேரியர்களுக்கும் (விமானந்தாங்கிக் கப்பல்கள்) தெற்கே வேலை காத்திருக்கிறது.

வேக் தீவுக்குச் சின்னப் படை அனுப்புவது

வரலாற்றில் 1941 டிசம்பர் 11 அன்று, அமெரிக்கா வைத்திருந்த இந்தத் தீவுக்கு அப்படிப் போன ஜப்பானியர்கள் ஹயாதே, கிசராகி என்ற இரண்டு நாசகாரிக் கப்பல்களை இழந்து திரும்பினார்கள். பேர்ல் ஹார்பரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஹிர்யு, சோர்யு என்ற இரண்டு கேரியர்களையும் திருப்பிவிட்ட பிறகுதான், 23-ஆம் தேதி தீவு கையில் வந்தது. தீவின் கரையோரப் பீரங்கிகள் ஆட்டத்திலும் அதே வேலையைச் செய்யும்.

எண்ணெயைக் கடைசிக்குத் தள்ளுவது

இதைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப இதையே பார்ப்பதில் எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வருகிறது.

ஒரு தம்பி 1942 மார்ச் இறுதியில் நிற்கும் ஆட்டத்தை அனுப்பியிருந்தார். வரைபடம் முழுக்க ஜப்பான் கொடி. ரபவுல், குவாம், வேக், மணிலா, நியூ கினியின் வடகரை எல்லாம் அவர் கையில். “அண்ணா, ஃபிஜிக்கு எப்போ இறங்கலாம்?” என்பதுதான் அவர் கேள்வி. நான் முதலில், சுமத்திராவின் எண்ணெய் ஊரான பலம்பாங்கின் திரையைத் திறந்தேன். அந்த வாரம்தான் பிடித்திருக்கிறார். எண்ணெய் வரியில் பெரிய எண் ஒன்று, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அதில் பாதிக்கு மேல் சேதம். அடுத்து டேங்கர் பட்டியலைப் பார்த்தேன். பெரும்பாலானவை ஒசாகாவிலும் தோக்கியோவிலும் சும்மா கிடந்தன. மிச்சம் ஃபிஜிக்காகப் பசிபிக்கில் உள்ள ஜப்பான் கடற்படைத் தளமான துருக் நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. பந்தல் போட்டு, பத்திரிகை அடித்து, மேளத்துக்கும் சொல்லிவிட்டு, முகூர்த்தத்தன்று காலையில் அரிசி வாங்க ஆள் அனுப்பியது போல இருந்தது அந்த ஆட்டம்.

இந்தப் போர் எதற்காகத் தொடங்கியது என்பதை யோசியுங்கள். 1941 கோடையில் அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியது. ஜப்பான் தனக்கு வேண்டிய எண்ணெயில் பெரும்பகுதியை அங்கிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தது. சேமிப்பில் இருந்தது ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு. சுமத்திராவும் போர்னியோவும் தான் குறி. பேர்ல் ஹார்பரும் பிலிப்பைன்சும் அந்த வழியில் யாரும் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ளச் செய்த ஏற்பாடுகள்.

ஆட்டம் இந்தக் கணக்கை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் எரிபொருளாகிறது. கனரகத் தொழில் அந்த எரிபொருளைத் தின்றுதான் ஓடுகிறது. விமானம், கப்பல், பீரங்கி எல்லாம் அதிலிருந்து வருபவை. தொடக்கத்தில் கையிருப்பு நிறைய இருப்பதால் முதல் ஆறு மாதம் ஒன்றும் தெரியாது. தெரியவரும்போது திருத்த நேரம் இருக்காது.

சேதத்தின் விலையைப் பாருங்கள். ஒரு புள்ளியைச் சரிசெய்ய ஒரு நாளும் ஆயிரம் சப்ளையும் (ஆட்டத்தில் படைக்கும் பழுதுபார்க்கவும் செலவாகும் பொருள்கள்) ஆகும். 300 புள்ளி சேதம் என்றால் 300 நாள், மூன்று லட்சம் சப்ளை. பிடிக்கும் நாளில் எவ்வளவு எரியும் என்பதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு, அதை நாம் மாற்ற முடியாது. தாமதத்தை மாற்றலாம். நீங்கள் தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் எதிராளி அங்கே படை சேர்ப்பார். ஜாவா அவர் கையில் இருக்கும் வரை, பிடித்த பிறகும் குண்டுவீச்சு விமானங்கள் வந்துகொண்டே இருக்கும்.

வரலாற்றில் ஜப்பானியர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். 1941 டிசம்பர் 16-இல் மிரி, 24-இல் குச்சிங், ஜனவரி 11-இல் தரகான், 24-இல் பாலிக்பாபன். தரகானிலும் பாலிக்பாபனிலும் அங்கே ஆண்டுகொண்டிருந்த டச்சுக்காரர்கள் முந்திக்கொண்டு எண்ணெய் வசதிகளை எரித்துவிட்டார்கள். அதனால்தான் பலம்பாங்கில் பிப்ரவரி 14 அன்று, சிங்கப்பூர் விழுவதற்கு முந்தைய நாளே, பாராசூட் படையை இறக்கினார்கள். மூசி ஆற்றின் வழியே மேலேறி வந்த காலாட்படை அவர்களோடு சேர்ந்துகொண்டது. அங்கிருந்த பிளாஜு சுத்திகரிப்பு ஆலை பெரும்பாலும் முழுசாகக் கிடைத்தது. பக்கத்திலிருந்த சுங்கை கெரோங் ஆலை பெரிதும் அழிந்தது.

ஆகவே திட்டத்தைப் பின்னாலிருந்து போடுங்கள். பலம்பாங்கில் இறங்கும் நாளை முதலில் குறியுங்கள். அதற்குத் தெற்கு மலாயாவிலோ மேற்குப் போர்னியோவிலோ விமானத்தளம் வேண்டும். அதற்குக் கோத்தா பாருவும் குச்சிங்கும் எந்த வாரம் விழ வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும். இறங்கும் டிவிஷனுக்கு முதல் டர்னிலேயே பலம்பாங்கை இலக்காகக் கொடுங்கள். அந்த இலக்குக்கான தயாரிப்பு, நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு புள்ளிதான் ஏறும், நடுவில் இலக்கை மாற்றினால் பூஜ்ஜியத்தில் இருந்து தொடங்கும். ஒரே அடியில் ஊரை எடுக்கும் அளவுக்குப் படை போகட்டும். டேங்கர்கள் இந்தோசீனாவின் (இன்றைய வியட்நாம்) காம் ரான் குடாவில் முன்கூட்டியே காத்திருக்கட்டும்.

சரக்குக் கப்பல்களும் இதே கதைதான். ஆரம்பத்தில் ராணுவம் 21 லட்சம் டன், கடற்படை 18 லட்சம் டன் கப்பல்களை எடுத்துக்கொண்டது. ராணுவம் தன் பங்கில் பாதியைச் சில மாதங்களில் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. சாலமன் தீவுகளில் நடந்த குவாடல்கனால் சண்டை வந்து அதைக் கெடுத்தது. இன்னும் கப்பல் வேண்டும் என்று கேட்டு தனாகா ஷினிச்சி என்ற தளபதி பிரதமர் தோஜோவையே முகத்துக்கு நேராகத் திட்டி, 1942 டிசம்பரில் பதவி இழந்தார். உங்கள் ஆட்டத்தில் தனாகாவும் தோஜோவும் நீங்களே. இறக்கிய படைக்கு அடுத்த வேலை இல்லையென்றால் அந்தக் கப்பல்களை அன்றே சரக்குக்கு அனுப்புங்கள்.

நங்கூரமிட்ட கப்பல்களைக் காவலில்லாமல் விடுவது

பாலிக்பாபனில் காவல் கப்பல்கள் ஒரு டச்சு நீர்மூழ்கியைத் தேடிப் போன இரவில், நான்கு பழைய அமெரிக்க நாசகாரிகள் உள்ளே புகுந்து நான்கு போக்குவரத்துக் கப்பல்களை மூழ்கடித்தன. சரக்கு இறங்கி முடியும் வரை தனியாக ஒரு போர்க்கப்பல் அணி அதே இடத்தில் நிற்க வேண்டும். இறங்கும் கப்பல்களோடு சேர்த்துப் போட்ட காவல் போதாது.

படான் மீது முட்டிக்கொண்டே இருப்பது

படான் தீபகற்பம் இருக்கும் பிலிப்பைன்சின் லூசோன் தீவில் எண்ணெய் இல்லை. சுற்றி வளைத்துப் பசியில் விடுங்கள்.

மஞ்சூரியாவைக் காலி செய்வது

சோவியத் எல்லையை ஒட்டிய இந்தப் பகுதியில் காவல் படையின் அளவு குறைந்தால் சோவியத் உள்ளே வரும்.

ஏப்ரலில் கொழும்பு ஆசை

ஜப்பானின் கேரியர் படைத் தளபதி நகுமோ 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பையும் 9 அன்று திருகோணமலையையும் அடித்து, ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் கேரியரையும் மூழ்கடித்தார். அதைப் பார்த்துப் பலருக்கும் ஆசை வருகிறது. போங்கள், ஆனால் ஜாவா விழுந்து, பலம்பாங்கிலிருந்து முதல் டேங்கர் கான்வாய் ஜப்பான் போய்ச் சேர்ந்த பிறகு. ஆறு கேரியர்கள் அந்தத் தூரம் போய்வரக் குடிக்கும் எரிபொருளைத் திரையில் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.